நுளம்பின் வயிற்றிற் கிடைத்த சான்று
'ஜுராசிக் பார்க்' கதையின் அறிவியல் அடிப்படை பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு காலத்து மக்கள் அறிவியலை எங்ஙனம் விளங்கிக் கொண்டனர் என்பதை, அக்காலத்து ஆராய்ச்சி நூல்களைக் காட்டிலும் அக்காலத்துக் கதைகளே தெளிவாகக் காட்டும். ஆராய்ச்சி நூலைக் கற்பார் சிலர். கதையைக் கேட்பார் பலர். ஆதலின் அறிவியலைப் பொருளாகக் கொண்ட ஒரு கதை பெரும் புகழ் எய்துமாயின், அது கூறும் அறிவியல் எத்துணை உண்மையுடையது என ஆராய்தல் திறனாய்வாளரின் கடமையாகும். அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கிறைற்றன் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜுராசிக் பார்க்' என்னும் நாவலும், அதனைத் தழுவி ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் 1993 ஆம் ஆண்டில் உருவாக்கிய திரைப்படமும் இத்தகைய ஆராய்ச்சிக்கு உரியன.

கதையின் கரு யாவரும் அறிந்ததே. பன்னெடுங் காலத்துக்கு முன் டைனோசரின் குருதியைக் குடித்த பூச்சியொன்று மரப்பிசினில் அகப்பட்டு மாள்கின்றது. பிசின் இறுகி அம்பர் ஆகின்றது. கோடிக்கணக்கான ஆண்டுகளின் பின் அதன் வயிற்றிலிருந்து குருதியை எடுத்து, அக்குருதியிலுள்ள டீ.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருளைக் கொண்டு, அழிந்துபோன விலங்கை மீண்டும் உயிர்ப்பிக்கின்றனர். இக்கருவினுள் இரண்டு கூற்றுக்கள் அடங்கியுள்ளன. குருதியுண்ணும் பூச்சியின் வயிற்றை ஆராய்ந்தால் அக்குருதிக்கு உரிய விலங்கு இன்னதென அறியலாம் என்பது முதலாவது. அவ்வாறு அகப்பட்ட சான்று காலத்தால் அழியாது என்பது இரண்டாவது. முன்னையது முற்றிலும் உண்மை. பின்னையது முற்றிலும் பொய். மெய்யும் பொய்யும் ஒன்றாய்ப் பிணைந்து நிற்றலே கதையின் கவர்ச்சிக்குக் காரணமாகும். அப்பிணைப்பை அவிழ்த்துப் பார்த்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் கூற்றின் வரலாறு கதாசிரியரின் காலத்துக்கு மிக முற்பட்டது. 1897 ஆம் ஆண்டில் றொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் நுளம்பின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டமை நுளம்பின் வயிற்றை ஆராய்ச்சிக்குரிய களமாக்கிற்று. கிருமி எங்கே செல்கின்றது என்ற வினாவை அடுத்து, குருதி எங்கிருந்து வந்தது என்ற வினா எழுந்தது. ஒரு விலங்கின் குருதிப் புரதத்துக்கு எதிராக முயலின் உடலில் உண்டாகும் பிறபொருளெதிரி, அவ்விலங்கின் குருதியோடு சேரும்போது வீழ்படிவைத் தருமென்பது 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்டது. 1904 இல் ஜோர்ஜ் நட்டால் இம்முறையால் பல்வேறு விலங்குகளின் குருதி உறவுகளை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். 1920 களில் இச்சோதனை நுளம்பின் வயிற்றிலுள்ள குருதிக்கும் பயன்படுத்தப்பட்டது.

இம்முறையின் பயனை ஆபிரிக்காவின் செற்சீ ஈக்களின் வரலாறு நன்கு விளக்கும். உறக்க நோயையும் கால்நடைகளின் நகானா நோயையும் பரப்பும் இவ்வீக்களை ஒழிக்கும் பொருட்டு, அக்காலத்துத் தென் றொடீசியா முதலிய நாடுகளிற் காட்டு விலங்குகள் பெருந்தொகையாகச் சுட்டுக் கொல்லப்பட்டன. ஈயின் உணவை ஒழித்தால் ஈ ஒழியுமென்பது அதற்குக் காட்டப்பட்ட நியாயம். இங்கிலாந்தின் லிஸ்ரர் நிலையத்தைச் சேர்ந்த வைற்ஸ் என்பார் 1950 களிலும் 1960 களின் தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கான ஈக்களின் குருதியைச் சோதித்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. பெருந்திரளாக மேயும் வரிக்குதிரையையும் வில்டபீஸ்ற்றையும் ஈக்கள் பெரும்பாலும் தீண்டவில்லை. காட்டுப்பன்றி வகைகளும் புதர்மான் போன்ற சில விலங்குகளுமே அவற்றின் முதன்மையான உணவாயின. அதன் பின்னர் றொடீசியாவில் வேட்டை சில இனங்களோடு அமைந்தது. கண்ணுக்கு மிகுதியாகத் தோன்றும் விலங்கே பூச்சியின் உணவாதல் வேண்டும் என்பது ஊகம்; அவ்வூகத்தை மறுக்கும் வலிமை வயிற்றிலுள்ள குருதிக்கு இருந்தது. பல்லாயிரம் விலங்குகளின் உயிர் இச்சிறு சோதனையிற் தங்கியிருந்தது என்பது மிகையன்று.

எனினும் வீழ்படிவுச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. எவ்விலங்கின் பிறபொருளெதிரி ஆராய்வோன் கையில் உள்ளதோ அவ்விலங்கையே அது காட்டும். நெருங்கிய உறவுடைய விலங்குகளை அதனாற் பிரித்தறிதல் கடினம். இக்குறையைப் போக்கியவை பரம்பரையலகு முறைகள். காரி மலிஸ் என்பார் 1983 இற் கண்டு, 1993 இல் நோபெல் பரிசு பெற்ற பொலிமரேஸ் சங்கிலித் தாக்கம், மிகச் சிறிதளவான டீ.என்.ஏ. யையும் சில மணி நேரத்திற் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கித் தருகின்றது. இழைமணியில் உள்ள சைற்றோகுரோம் பீ போன்ற பரம்பரையலகுகளே இத்துறையிற் பெரிதும் ஆராயப்படுகின்றன. ஒரு கலத்தில் இழைமணிகள் பல இருத்தலின் அவற்றின் பரம்பரைப் பொருள் மிகுதியாகக் கிடைக்கும். அன்றியும் இனத்துக்கு இனம் அது போதிய வேறுபாடு உடையது. 2005 ஆம் ஆண்டில் கென்ற், நொறிஸ் என்னும் ஆய்வாளர் இருவர் மனிதன், மாடு, ஆடு, பன்றி, நாய் ஆகிய ஐந்தையும் ஒரே தாக்கத்திற் பிரித்தறியும் முறையொன்றை வெளியிட்டனர். ஐந்துக்கும் உரிய துண்டங்கள் வெவ்வேறு நீளமுடையனவாதலின், அவை வெவ்வேறு இடத்திற் கோடுகளாகத் தோன்றும். முன்னரே எதிர்பாராத விலங்காயின், அதன் டீ.என்.ஏ. யின் எழுத்து வரிசையைப் படித்து, உலகப் பொதுத் தொகுப்பிலுள்ள வரிசைகளோடு ஒப்பிட்டு இனங் காண்பர்.

இந்த அளவில் நாவலாசிரியரின் கருத்துப் போற்றத்தக்கதே. இன்னுமொரு நுட்பத்திலும் அவர் தப்பவில்லை. மனிதன் முதலிய பாலூட்டிகளின் செங்குழியங்களிற் கரு இல்லை. ஆகவே அவற்றின் குருதியில் வெண்குழியங்களே டீ.என்.ஏ. யைத் தருவன. பறவைகளின் செங்குழியங்களிலும் ஊர்வனவற்றின் செங்குழியங்களிலும் கரு உண்டு. பறவைகளின் முன்னோர் இனத்தவையான டைனோசர்களின் குருதியிலும் அங்ஙனமே இருந்திருத்தல் வேண்டும். எனவே ஒரு துளிக் குருதியில் மிகுந்த பரம்பரைப் பொருளைத் தேடுவோன் டைனோசரைத் தேர்ந்தமை தவறன்று. அம்பரிலுள்ள பூச்சியின் இழையங்கள் நுண்மையாகப் பேணப்பட்டிருத்தலை ஜோர்ஜ் போய்னார், றொபேர்ற்றா ஹெஸ் என்னும் அறிஞர் 1982 இல் எடுத்துக் காட்டியிருந்தனர். கதாசிரியர் அக்காலத்து ஆராய்ச்சியின் விளிம்பில் நின்றே கற்பனை செய்தார் என்பது இதனாற் புலப்படும்.

இனி இரண்டாவது கூற்றை நோக்குவாம். நுளம்பு குருதியைச் சேமித்து வைப்பதற்காகக் குடிப்பதில்லை. முட்டைகளை உருவாக்குதற்காகவே பெண் நுளம்பு குடிக்கின்றது. குடித்த கணத்திலிருந்து சமிபாட்டு நொதியங்கள் தொழிற்படத் தொடங்குகின்றன. வெப்ப நாடுகளில் இரண்டு அல்லது மூன்று நாள்களிற் குருதி சமித்து முட்டையாகிவிடும். ஆராய்ச்சிக்கூடத்திலும் முதல் நாளிற் குடித்த குருதி எளிதில் இனங் காணப்படுகின்றது. அடுத்த நாளிலே வெற்றி குறைகின்றது. அதன் பின் பெரும்பாலும் ஒன்றுங் கிடைப்பதில்லை. ஆதலின் நுளம்பின் வயிறு பேழையன்று, அடுப்பு. அடுப்பிலிட்டதை எரிந்து முடியுமுன் எடுப்பவனே அதனைக் காண்பான்.

திரைப்படம் இப்பிழையோடு வேறு சிலவற்றையுஞ் சேர்த்துக் கொண்டது. அம்பரினுள் காட்டப்படும் பெரிய நுளம்பு, குருதியே குடியாத ஓர் இனத்தைப் போன்றது எனப் பூச்சியியலாளர் சுட்டியுள்ளனர். அம்பர் டொமினிக்கன் குடியரசின் சுரங்கமொன்றில் எடுக்கப்படுவதாகப் படம் கூறும். அந்நாட்டு அம்பரோ ஏறத்தாழ 1.5 கோடி முதல் 2 கோடி ஆண்டுகள் வரையே பழமையுடையது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆயின. அவ்வம்பரில் அகப்பட்ட எப்பூச்சியும் டைனோசரைக் கண்டிருத்தல் இயலாது. சிதைந்த வரிசையின் இடைவெளிகளைத் தவளையின் டீ.என்.ஏ. கொண்டு நிரப்பியதும் அத்தகையதே. பறவை அருகிருக்கத் தவளையை நாடியது கதையோட்டத்தின் தேவையேயன்றி உயிரியலின் தேவையன்று. சில தவளைகள் பால் மாறும் இயல்புடையன. அவ்வியல்பு இல்லையேல் பெண் விலங்குகள் மட்டும் உள்ள தீவில் இனப்பெருக்கம் நிகழாது, கதையும் நகராது.

கற்பனைக் கதையிற் பிழை காண்பது எளிது. அதுவே குறிக்கோளாயின் திறனாய்வு சிறுமையுறும். கதாசிரியர் மட்டுமன்றி அறிவியலாளரும் இம்மயக்கத்தில் ஆழ்ந்தனர் என்பதே சிந்திக்கத்தக்கது. 1992 இல் டொமினிக்கன் அம்பரிலுள்ள கறையானிலிருந்து டீ.என்.ஏ. பெற்றதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. 1993 யூன் மாதத்தில், திரைப்படம் வெளியான அதே வாரத்தில், லெபனான் அம்பரிலுள்ள 12 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கூன்வண்டொன்றின் டீ.என்.ஏ. கிடைத்ததாக றாவுல் கானோவும் பிறரும் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். நான்கு ஆண்டுகளின் பின், 1997 இல், இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையினர் இத்தகைய சோதனைகளைக் கவனத்துடன் மீளச் செய்தபோது பழமையான டீ.என்.ஏ. எதனையும் பெறவில்லை. மிகச் சிறிய அளவையும் பெருக்க வல்ல முறை, ஆய்வுகூடத்துத் தூசியிலுள்ள இக்காலப் பொருளையும் பெருக்கிக் காட்டும். முறையின் வலிமையே அதன் குற்றமாயிற்று. 2012 இல் நியூசிலாந்தின் மோவாப் பறவையின் 158 எலும்புகளை ஆராய்ந்தோர், அவ்வெலும்புகள் கிடந்த சூழலில் டீ.என்.ஏ. யின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 521 ஆண்டுகள் எனக் கணித்தனர். மிகக் குளிர்ந்த கிறீன்லாந்து மண்ணிற் கிடைத்து 2022 இல் அறிவிக்கப்பட்ட டீ.என்.ஏ. யும் ஏறக்குறைய 20 இலட்சம் ஆண்டுகளையே எட்டியது.

ஆயினும் இயற்கை முற்றாக ஏமாற்றிவிடவில்லை. அமெரிக்காவின் மொன்றானாவில் 4.6 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட பாறைத் தகட்டில், வயிறு நிறையக் குருதியுண்ட நுளம்பொன்று பதிந்திருந்தமை 2013 இல் வெளியிடப்பட்டது. அதன் வயிற்றில் இரும்பும் குருதி நிறப்பொருளின் சிதைவும் காணப்பட்டன. நுளம்பு குருதி குடித்தது என்பதை அது சொல்லும். எவ்விலங்கின் குருதி என்பதைச் சொல்லாது. குருதியின் நிறம் எஞ்சியது, அதன் பெயர் எஞ்சவில்லை.

இம்மயக்கத்தால் விளையும் தீங்கு யாது? டைனோசர் மீளாமையால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் குருதிச் சான்று என்றும் அழியாதது, தானே பேசுவது, பிழையாதது என்ற எண்ணம் பொதுமக்கள் உள்ளத்திற் பதியுமாயின், நோய்த்தடுப்பிலும் நீதியிலும் அச்சான்றைப் பயன்படுத்தும்போது தவறு நேரும். மெய்யான சான்று காலத்தாற் குறுகியது. பெற்ற இடத்தாற் சார்புற்றது. இவ்விரு தன்மைகளையும் அறியாதோர் கையில் அது பொய்யாகும்.

மலேரியாவின் கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஜோர்ஜ் மக்டொனால்ட் 1950 களில் வகுத்த கணித முறையை அடியொற்றிக் கரெற்-ஜோன்ஸ் 1964 இல் மனிதக் குருதிச் சுட்டு என்னும் அளவை விளக்கினார். குருதியுண்ட நுளம்புகளுள் மனிதக் குருதி உண்டவை எத்தனை பங்கு என்பதே அது. நோயைப் பரப்பும் ஆற்றலைக் கணிக்கும் சூத்திரத்தில் மனிதனைக் கடிக்கும் வீதம் வர்க்கமாக வருகின்றது. நுளம்பு நோயாளியிடமிருந்து கிருமியைப் பெற ஒரு முறையும், மற்றொருவருக்குக் கொடுக்க ஒரு முறையுமாக இரு தரம் மனிதனைக் கடித்தல் வேண்டும் என்பதே காரணம். ஆகவே பிற யாவும் சமனாக இருக்க, மனிதக் குருதியின் பங்கு 80 வீதத்திலிருந்து 40 வீதமாகக் குறையின் பரப்பும் ஆற்றல் காற்பங்காகும். 10 வீதமாகக் குறையின் 64 இல் ஒரு பங்காகும். இப்பங்கை அளப்பதிற் சிறு தவறு நேரின், முடிவிற் பெருந் தவறாகும்.

அத்தவறு பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் நேர்வதன்று. நுளம்பைப் பிடித்த இடத்திலேயே நேர்வது. வீட்டுச் சுவரிற் பிடித்த நுளம்பின் வயிற்றில் மனிதக் குருதியும், மாட்டுத் தொழுவத்திற் பிடித்ததின் வயிற்றில் மாட்டின் குருதியும் மிகுந்திருத்தல் இயல்பு. வீட்டினுள் மட்டும் தேடியவன் இந்நுளம்பு மனிதனையே விரும்பும் என்பான். தொழுவத்தில் மட்டும் தேடியவன் இது மனிதனை நாடாது என்பான். இருவர் கையிலும் உள்ள டீ.என்.ஏ. உண்மையானது; இருவர் முடிவும் பொய். கரெற்-ஜோன்ஸ் இதனை உணர்ந்து, பல்வேறு தங்குமிடங்களிலும் நுளம்புகளைத் திரட்டுதல் வேண்டுமென வற்புறுத்தினார். சோதனை முறை வீழ்படிவிலிருந்து பரம்பரையலகுக்கு முன்னேறியும், இவ்வறிவுரை பழமையுறவில்லை.

சுட்டு சிறியதாயின் அச்சமில்லை எனக் கொள்வதும் பொருந்தாது. இதற்கு இலங்கையின் வரலாறே சான்று. இந்நாட்டில் மலேரியாவை முதன்மையாகப் பரப்பி வந்த அனோபிலிஸ் கூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு, கால்நடைகளின் குருதியையே பெரிதும் விரும்புவது. அங்ஙனமாகவும், 1934 ஆம் ஆண்டில் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளானபோது அது அளவிறந்து பெருகிற்று. 1934-35 இற் பரவிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பங்கு சிறிதாயினும் தொகை பெரிதாயின் ஆபத்துப் பெரிதே. இன்னுமொன்று: கூலிசிபேசிஸ் என ஒரு பெயரால் அழைக்கப்பட்டது தோற்றத்தால் வேறுபடுத்த இயலாத பல உடன்பிறப்பு இனங்களின் தொகுதி என்பது பின்னர் அறியப்பட்டது. இலங்கையில் உள்ள பீ, ஈ என்னும் இரண்டினுள் ஈ இனமே நோயைப் பரப்புவதில் முதன்மையானது. ஆகவே யாருடைய குருதி என்று வினவுமுன், குடித்தது யார் என்று வினவுதல் வேண்டும். இரண்டாவது வினாவுக்கும் பரம்பரையலகு முறையே விடை தருகின்றது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென உறுதிப்படுத்திற்று. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரீபென்சி என்னும் நகர்ப்புற மலேரியா நுளம்பு முதன்முதலாகக் காணப்பட்டமை, இவ்வினாக்கள் இன்னும் முடிந்து போகவில்லை என்பதை உணர்த்தும்.

நீதியின் துறையிலும் இம்முறை நுழைந்துள்ளது. நுளம்பின் வயிற்றிலுள்ள மனித டீ.என்.ஏ. யைப் பெருக்கி ஆராயலாம் என்பது 1990 இலேயே காட்டப்பட்டது. 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், போட்டோ றிக்கோவின் புளொறிடா என்னும் ஊரிற் பிடித்த ஈடிஸ் எஜிப்தி நுளம்புகளின் குருதியை, அவ்வூரிற் குறிப்பிட்ட ஆள்களோடு பொருத்திப் பார்த்தனர். டெங்குக் காய்ச்சல் யாரிடமிருந்து யாருக்குச் செல்கின்றது என அறிய இது பெரிதும் உதவும். ஆயினும் குற்ற விசாரணையில் இதனை வைப்போர் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். ஒருவருடைய குருதி ஓர் அறையிலுள்ள நுளம்பிற் காணப்படின், அந்நுளம்பு அவரை அண்மையிற் கடித்தது என்பதே மெய்ப்படும். அவர் அவ்வறையில் இருந்தார் என்பது மெய்ப்படாது. நுளம்புக்குச் சிறகு உண்டு. ஒரே வயிற்றில் இருவர் குருதி கலந்திருத்தலும் கூடும். கதையில் வரும் நுளம்பு அசையாச் சாட்சி. உலகில் உள்ள நுளம்பு பறக்குஞ் சாட்சி.

இவ்வாறெல்லாம் கூறியதனால் கதையின் கனவு வீணென்பது கருத்தன்று. அக்கனவுக்கு அண்மையான மெய்ந்நிகழ்ச்சியொன்று வியற்னாமின் அன்னமைற் மலைக்காடுகளில் நிகழ்ந்தது. அங்குள்ள விலங்குகள் சிலவற்றை மனிதக் கண் காண்பது மிக அரிது. 2012 இல் வெளியான ஆய்வொன்றில் அக்காட்டின் 25 அட்டைகள் சோதிக்கப்பட்டன; அவற்றுள் 21 இற் பாலூட்டிகளின் டீ.என்.ஏ. கிடைத்தது. 20 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிவியல் உலகுக்குத் தெரியவந்த அன்னமைற் வரிமுயலும் துறோங் சோன் கேளையாடும் அவற்றுள் அடங்கின. அட்டை பூச்சியன்று, அது மெல்லச் சமிப்பிப்பது, ஆட்டுக் குருதி உண்ட மருத்துவ அட்டைகளில் நான்கு மாதங்களின் பின்னும் ஆட்டின் டீ.என்.ஏ. காணப்பட்டது. பேழை என்னும் பெயர் எதற்கேனும் பொருந்துமாயின் அட்டைக்கே பொருந்தும். அதுவும் மாதக் கணக்கிலேயே, ஆண்டுக் கோடிக் கணக்கில் அன்று.

இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் கதையின் தலையாய குறை விளங்கும். இறந்ததை மீட்பதற்குக் குருதியைத் தேடுமாறு அது கற்பித்தது. உண்மையான ஆராய்ச்சியோ, இருப்பது இறவாமற் காக்கக் குருதியைத் தேடுகின்றது. நோயால் வாடும் மனிதரையும், வீணே சுடப்பட இருந்த விலங்கையும், காட்டின் மறைவில் அருகி வரும் இனத்தையும் காக்கும் வாய்ப்பு அச்சிறு துளியில் உண்டு. அது வரையறையின்றிக் கிடப்பதன்று. விரைந்து எடுப்பார்க்கும், எடுத்த இடத்தை மறவாதார்க்கும், அது சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளாதார்க்குமே பயன் தருவது. 'ஜுராசிக் பார்க்' இலட்சக்கணக்கான இளைஞரின் உள்ளத்தில் உயிரியல் ஆர்வத்தைத் தூண்டியது. அதற்கு உரிய பாராட்டை மறுத்தல் தகாது. அவ்வார்வத்தோடு ஆய்வுகூடத்துள் நுழையும் மாணவன் முதலிற் கற்க வேண்டுவது, நுளம்பு தான் உண்டதை ஓரிரு நாள்களுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை என்பதேயாம்.